ஏழாம் நம்பர் சட்டை

786

திருப்பாதிரிப்புலியூர்,
20-12-1965

என் அருமைச் சிவகாமு,

கால் வீக்கம் வடிந்ததா? இல்லை, இன்னும் பூசணிக்காய் மாதிரிதான் இருக்கிறதா? பத்துப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்காரடி. மாடிப்படி ஏறி இறங்கினாய் என்று கேள்விப்பட்டேனோ, வந்து அந்தக் காலையே ஒடித்துவிடுவேன்.

நேற்று சாயந்தரம் பாசஞ்சரில் வந்து சேர்ந்தேன். இந்த வாரத்திலேயே நோன்பு ஆரம்பம். பெருநாள் முடிந்துதான் காலேஜ் என்று அத்தா சொல்லிவிட்டார். ஒரு மாதம் உன் முகத்தைப் பார்க்காமல் எப்படிப் பொழுது போகுமோ, தெரியவில்லை.

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. "சிறந்த ஆட்டக்காரி, ஏழாம் நம்பர், சிற்சபேசன் மகள் சிவகாமு" என்று மைக்கில் சொன்னார்களே, எழுந்து போனது நான்! உன் சட்டை, உன் பேர், என் கால். முதல் நாள் நீ கோர்ட்டுச் சேற்றில் வழுக்கி விழாமல் இருந்திருந்தால் நான் வெளியே நின்று தண்ணீர்தான் கொடுத்துக்கொண்டிருப்பேன். "ஏழாம் நம்பரைப் போட்டுக்கடி ரசியா. வெளியூர்க்காரங்களுக்கு யாரு சிவகாமு, யாரு ரசியான்னு தெரியவா போவுது?" என்று புஷ்பவள்ளி டீச்சர் சுலபமாகச் சொல்லிவிட்டார். நீங்கள் எல்லோருமே எனக்காகப் பைஜாமாவும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வேர்த்து ஊற்ற ஆடினீர்களே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். புதுச்சேரிக்காரிகளிடம் ஃபைனலில் தோற்றதுதான் வயிற்றெரிச்சல்.

பரிசு கொடுக்க வந்த அந்த அமெரிக்கக்கார மிஸ் ஹார்ப்பர் என் கையைப் பிடித்துக் குலுக்கினாரே, அப்பா, என்ன பிடி! அவர் காலேஜில் ஆடிய காலத்தில் பாஸ்கெட்பாலில் பெண்கள் டீமுக்கு ஆறு பேராம். அதில் மூன்று பேர் நடுக்கோட்டைத் தாண்டவே கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சட்டம் அமெரிக்கா வரைக்கும் போயிருக்கிறது பார்! ஆனால் அங்கே அப்பாமாரெல்லாம் வந்து உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவார்களாம். அதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கே யாருக்கும் மூச்சுவிடவில்லை. அத்தா என்னைக் காலேஜில் சேர்த்தபோது சொன்னது உனக்குத் தெரியும். "படிக்கத்தான் அனுப்புறேன். பந்து, டிராமா அப்பிடி இப்பிடின்னு ஒரு பேச்சு காதுல வுழுந்திச்சி, அன்னிக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடணும்." இன்னும் ஒரு பரீட்சை. அதை எழுதிவிட்டால் நான் பி.ஏ. எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள்கூட அதைத் தொட்டதில்லை.

உன் சட்டை என் பெட்டியில்தான் இருக்கிறது. துவைத்துக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உன் ஏழாம் நம்பர்


சிவமயம்

தெற்கு வீதி, சிதம்பரம்,
28-12-1965

அன்பு ரசியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு படிக்கப் படிக்கச் சிரிப்பு வரவில்லை. கால் தேவலை. மனசுதான் சரியில்லை.

இந்தத் தெருவில் என்னால் தலைகாட்ட முடியவில்லையடி. கோயிலுக்குப் போனால் பூக்கார இருசம்மாள்கூட, "எங்க சிவகாமு வெள்ளிக் கப்பு வாங்கிட்டாளே!" என்று ஒரு முழம் பூ கூடுதலாகக் கிள்ளிக் கொடுக்கிறாள். நான் நொண்டிக்கொண்டு நிற்கிறேன். இந்தக் காலோடு எப்படி ஓடினாய் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! அப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். "அடுத்த வீட்டுப் புள்ள ஜெயிச்சதுக்கு நீ பூ வச்சிக்கிறியேம்மா" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

போதாததற்கு மிஸ் ஹார்ப்பரிடமிருந்து கடிதம். கப்பில் பேர் பொறிக்க மதராசுக்கு எடுத்துப் போனார் அல்லவா? பேரை எப்படி எழுத வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். அவர் காலேஜில் இப்படி ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தால் சுவரில் பலகையில் எழுதி வைப்பார்களாம். அவள் கிழவியானாலும் அந்தப் பேர் அங்கேயே இருக்குமாம். அதே மாதிரி நம் காலேஜிலும் ஒரு பலகை மாட்டச் சொல்லிப் பிரின்சிபாலுக்கும் எழுதியிருக்கிறாராம்.

நீயே சொல், நான் என்ன எழுதுவது? வருஷா வருஷம் அந்தப் பலகையில் என் பேரைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் போவார்கள். நீ போட்ட பந்துக்கு என் பேர். எனக்குப் பயமாக இருக்கிறது ரசியா. உடனே பதில் போடு.

உன் அம்மாவுக்கு என் நமஸ்காரம். நோன்பு என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன்
சிவகாமு


786

திருப்பாதிரிப்புலியூர்,
2-1-1966

அடி சிவகாமு,

உனக்குப் பைத்தியமா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உன் பேரை எழுதி அனுப்பு. கப்பை உன் வீட்டு அலமாரியில் வை. யாராவது கேட்டால் ஆமாம் என்று தலையை ஆட்டு. பூ கொடுத்தால் வாங்கிக்கொள். அவ்வளவுதான். உன் அப்பா நல்லவர். ஆனால் அவருக்கு அவர் மகள் பாடு, எனக்கு என் பாடு.

நீ பயப்படுகிறாயே, எதற்கு? பொய்யாக உன் பேர் இருக்குமே என்று. நான் பயப்படுவது எதற்குத் தெரியுமா? ஏப்ரலில் என் நாற்காலி காலியாக இருக்குமே என்று. அத்தா சொன்னால் சொன்னதுதான். மாமி வேறு வாரத்துக்கு ஒரு தடவை வந்து, "பொண்ணு எவ்வளவு நாளு படிக்கும்? மீரான் பினாங்குலேருந்து வந்தா காத்திருப்பானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். மீரான் மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, மாமிக்குத்தான் அவசரம். இந்த நேரத்தில் நான் ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் குதித்து ஆடினேன் என்று தெரிந்தால் அத்தாவுக்கு ஒரு சாக்குப் போதும்.

அதனால் வாயை மூடிக்கொண்டு இரு. உன் மேல் கோபம் இல்லை. நீ இப்படித்தான், பரீட்சையில் வாத்தியார் ஒரு மார்க்குக் கூடுதலாகப் போட்டால்கூட எழுந்து நின்று சொல்கிறவள். எனக்குத் தெரிந்ததுதானே.

இன்றைக்குக் கஞ்சி காய்ச்சும்போது அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த மைக்கில் அன்றைக்கு என் பேரைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்திருக்கும்.

உன்
ஏழாம் நம்பர்


சிவமயம்

தெற்கு வீதி, சிதம்பரம்,
9-1-1966

என் உயிர்த் தோழி ரசியாவுக்கு,

ஆருத்ரா தரிசனம் நல்லபடி முடிந்தது. என்ன கூட்டம்! நான்கு வீதியிலும் எள் போட்டால் கீழே விழாது. கொஞ்சம் களி எடுத்து வைத்திருக்கிறேன். நீ வருவதற்குள் அது கெட்டுப்போகும், தெரிந்தும் எடுத்து வைத்தேன்.

நீ கோபித்துக்கொள்ளாமல் இதைப் படிக்க வேண்டும். உன் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "நன்றாகத்தான் இருந்திருக்கும்." மேலே நீ எழுதியது எல்லாம் பயத்தில் எழுதியது. கடைசி வரிதான் நீ. எனக்கு உன்னைத் தெரியாதா?

மிஸ் ஹார்ப்பருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கால் சுளுக்கியது, சட்டை மாற்றியது, எல்லாம். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லையடி! உடனே பதில் வந்தது. ஆடினவள் பேர்தான் கப்பில் இருக்க வேண்டும், சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருக்கிறார். புஷ்பவள்ளி டீச்சர்தான் தலையில் அடித்துக்கொண்டார். உன் வீட்டுக் கதையை அவருக்கு எழுதவில்லை, பயப்படாதே. கப்பைக் காலேஜுக்கே அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். நீ பெருநாள் முடிந்து வரும்போது ஹாஸ்டலில் உனக்காகக் காத்திருக்கும். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

எத்தனையோ நாள் கழித்து நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

என்றும் உன்
சிவகாமு


786

திருப்பாதிரிப்புலியூர்,
27-1-1966

சிவகாமு,

பெருநாள் முடிந்தது. நான் வரவில்லை. இனி வருவேனா என்றும் தெரியாது.

உன் மிஸ் ஹார்ப்பருக்குக் காலேஜ் விலாசம் போதவில்லை. பெண் ஜெயித்தால் பெற்றவர்களுக்கு வாழ்த்துச் சொல்வது அவர்கள் ஊர் வழக்கமாம். காலேஜ் ஆபீசில் கேட்டு எங்கள் கைலிக் கடை விலாசத்தை வாங்கியிருக்கிறார். பெருநாளைக்கு முந்தின நாள், கடையில் நிற்க இடமில்லாத நேரத்தில், தபால்காரர் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அத்தா ஏதோ சாம்பிள் துணி என்று நினைத்து எல்லோர் முன்னாலும் பிரித்திருக்கிறார். உள்ளே கப். கூடவே இங்கிலீஷில் ஒரு கடிதம். பக்கத்துக் கடை கிபாயத்துல்லா மாமாதான் இங்கிலீஷ் படித்தவர். வரி வரியாகத் தமிழில் உரக்கச் சொல்லியிருக்கிறார். கைலி வாங்க வந்த ஜனம் அத்தனையும் கேட்டிருக்கிறது.

அத்தா என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. வீட்டுக்கு வந்து கப்பை நடுக்கூடத்தில் வைத்தார். "இது ஒன்னோடதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி. பெட்டிய இங்கியே வச்சிக்க" என்றார். பெருநாளைக்குப் புதுத்துணிகூட உடுத்தவில்லை அவர். அம்மா அழுது அழுது முகம் வீங்கிக் கிடக்கிறார். கப்பைப் பார்க்கச் சகிக்காமல் அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டார். அரிசி எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுகிறது.

உனக்கு நான் என்ன எழுதினேன்? வாயை மூடிக்கொண்டு இரு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். நீ அதையெல்லாம் விட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து நினைத்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டாய். ஆசை இருந்தது. யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆசைப்பட்டதை எல்லாம் நீ எடுத்துக் கொடுத்துவிடுவாயா? நான் உன்னிடம் கேட்டேனா?

நீ நிம்மதியாகத் தூங்கினாயாமே. நல்லது. தூங்கு.

இனிமேல் கவர் போடாதே. தபால் எல்லாம் இப்போது முதலில் கடைக்குத்தான் போகிறது.

ரசியா


சிவமயம்

சிதம்பரம்,
14-3-1966

அன்புள்ள ரசியாவுக்கு,

கவர் போடாதே என்றாய். அதனால்தான் கார்டு. இதை உன் அத்தா முதலில் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். பலகையில் எழுத வேண்டாம் என்று பிரின்சிபாலிடம் கேட்டு நிறுத்திவிட்டேன். உன்னை ஆடச் சொன்னது நாங்கள். சட்டையைக் கொடுத்தது நான். உன் பேரைச் சொன்னதும் நான், உன்னைக் கேட்காமல். தண்டனை மட்டும் உனக்கு வந்திருக்கிறது. அது நியாயம் இல்லை. பரீட்சை ஏப்ரல் நாலாம் தேதி ஆரம்பம். உன் ஹால் டிக்கெட் ஆபீசில் இருக்கிறது. ரசியா என்ற பேரில் கூப்பிடுவார்கள், பதில் சொல்ல நீதான் வர வேண்டும். வேறு யார் வந்தும் பிரயோசனம் இல்லை. பெரியவருக்கு என் நமஸ்காரம்.

சிவகாமு


786

திருப்பாதிரிப்புலியூர்,
28-3-1966

சிவகாமுவுக்கு,

உன் கார்டை அத்தா படித்தார். இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். ஜனவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு பேசினார்.

"அந்த ஊர்ல அப்பமாருங்கள்லாம் வந்து பாப்பாங்களாமே. அந்த அம்மா எழுதியிருந்தாங்க."

"ஆமாங்கத்தா."

"எம் பொண்ணு ஆடுனத ஊரே பாத்திருக்கு. நான் இங்க கைலி மடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுவும் சிற்சபேசன் பொண்ணுன்னு கூப்புட்டாங்களாம், நீயும் எழுந்து போனியாம். அபுபக்கர் பொண்ணுன்னு சொல்ல ஒனக்கு வாய் வரலியா?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தெரியவில்லை. "சொல்லியிருந்தா வுட்டிருப்பீங்களாத்தா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்தார். அத்தா எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து, "வுட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு துண்டில் கையைத் துடைத்துத் துடைத்து, வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

பரீட்சைக்கு வருகிறேன். ஹாஸ்டல் கிடையாது. தினமும் காலை வண்டியில் அத்தாவோடு வந்து, அத்தாவோடு திரும்ப வேண்டும். பரீட்சை முடியும்வரை அவர் கேட்டிலேயே நிற்பாராம். கடையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டதற்குக் கடை கிடக்கிறது என்று சொல்லிவிட்டார். கோர்ட்டுப் பக்கம் போகக் கூடாது. பரீட்சை முடிந்ததும் கல்யாணப் பேச்சு. ஒத்துக்கொண்டேன்.

நீ கார்டில் எழுதியது நல்ல மனசோடு எழுதியது. தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். ஆனாலும் சிவகாமு, எனக்கு ஆறவில்லை. பாரமாக இருக்கிறது என்று சொல்லி உன் தலையில் இருந்ததை நீ இறக்கி வைத்தாய். அது என் வீட்டில் வந்து இறங்கியது. அத்தா மனசு இப்படித் திரும்பும் என்று உனக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. அப்படித் திரும்பாமல் போயிருந்தால்?

ஹாலில் பார்த்தால் என்னோடு பேச வேண்டாம். பேசினால் நான் அழுதுவிடுவேன், பரீட்சை எழுத முடியாது. பிறகு பேசலாமா என்று இப்போது கேட்காதே.

கப் இன்னும் அரிசிப் பானையில்தான் இருக்கிறது. நேற்று அத்தா அதை வெளியே எடுத்து, பேர் இருக்கும் இடத்தைத் துண்டால் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே வைத்ததை அம்மா பார்த்தாராம்.

உன் ஏழாம் நம்பர் சட்டையைத் துவைத்து, மடித்து, இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். அத்தாதான் தபாலாபீசில் போடப்போகிறார். முழங்கைப் பக்கம் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது, தைத்துவிட்டேன். அது உன்னுடையது. நீயே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அபுபக்கர் மகள் ரசியா