ஐந்தாவது பிடி

திண்டிவனம்,
மார்ச் 1944

விழுப்புரத்திலிருக்கும் என் தம்பிக்கு,

நம் ஆயாவை, அப்பாவின் அம்மாவை, நேற்று அடக்கம் செய்தோம். உனக்குத் தந்தி வேண்டாம் என்றது அப்பாதான்.

உலை வைக்குமுன் வீட்டில் ஆளுக்கொரு பிடி அரிசியை, செபம் சொல்லி, ஆயா கோயிலுக்குக் கொடுக்கும் பானையில் போடுவாளே, நினைவிருக்கிறதா? நீ சொல்லாமல் கலியாணம் செய்துகொண்ட அன்று, "அவன் பேர யாரும் எடுக்கக் கூடாது" என்றாள். ஆனால் நாங்கள் நாலு பேர்தான். அவள் போட்டது ஐந்து பிடி. ரேஷன் வந்தும் குறைக்கவில்லை.

ஒருநாள் கேட்டேன்.

"கை தவறிப் பூடுச்சிடி."

மூன்று வருஷமாகத் தினமும் தவறியது.

இன்று நான் உலை வைத்தேன். அதற்கு முன் கோயில் பானையில் அப்பா, அம்மா, எனக்கு மூன்று பிடி. நான்காவதை உனக்குப் போட்டேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவன் பொண்டாட்டிக்கு யாரு போடுவாங்க?" என்றார்.

உன் அக்கா