வெளுத்துப்போன மஞ்சள் பலகை

புதன்கிழமை, இரவு

சின்னக் குறைகளை ஆய்வுக் குழுவுக்கு அனுப்பாமல் மேசையிலேயே முடிக்கலாம் என்று எங்கள் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலகத்தில் வாதாடி வென்றவள் நான். அதில் தப்பில்லை. சின்னக் கோப்புகள் வரிசையை அடைத்ததால் கதிர்வீச்சுக் கசிவுப் புகார்கூட மாதக்கணக்கில் காத்துக்கிடந்தது.

இன்று சுங்காய் தொழிற்சாலைக்கு வேறு வேலையாகப் போனேன். கதிரியக்கக் கருவியைப் பூட்டி வைத்திருக்கும் அறையின் எச்சரிக்கைப் பலகை வெளுத்து, எழுத்தே தெரியவில்லை. இந்தப் பலகை பற்றிய புகார்தான், ‘குறைந்த ஆபத்து’ என்று போன மாதம், நேரில் போகாமலே, நான் முடித்த கோப்பு. பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு தொழிற்சாலைக்குக் காவல் இருக்கும் ஜாகாக்கார அண்ணன் சோறு தின்றுகொண்டிருந்தார்.

“ஏண்ணே இங்க உக்காந்திருக்கீங்க?”

“இங்கதான் நெழலு இருக்கு லா. முன்ன மஞ்சளா போர்டு இருந்திச்சு, பயந்துகிட்டு வரமாட்டேன். இப்பதான் எழுத்தெல்லாம் போயிருச்சே. எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனச்சேன்.”

கையிலிருந்த மீட்டரால் கதிர்வீச்சை அளந்து பார்த்தேன். சுவருக்கு வெளியே வழக்கமான அளவுதான். கோப்பில் எழுதியது சரியே. ஒண்ணும் இல்லை என்று அவரிடம் சொன்னேன்; இருந்தாலும் நாற்காலியை நகர்த்தச் சொன்னேன்.

“ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னீங்க மேடம். அப்பறம் ஏன் நகத்தச் சொல்றீங்க?”

காரில் ஏறிவிட்டேன். புதுப் பலகைக்கு நாளையே கடிதம் போடுவேன். அவர் அங்கே எத்தனை நாள் சாப்பிட்டார் என்று நான் கேட்கவே இல்லை.