அப்பா விழுந்த சத்தம்

சனிக்கிழமை இரவு, ஹோர்சன்ஸ், டென்மார்க்

அப்பாவுக்கு எலும்பு முறியவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மூன்று தலைமுறையாகப் பகிடி நாடகத்தில் விழுந்து சனத்தைச் சிரிக்க வைக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா உட்கார்ந்திருக்கும் கதிரையிலிருந்து விழுவார். பிறகு நான் விழுந்தேன். இப்போது என் மகள் மதுரா விழுகிறாள். விழும்போது உள்ளங்கையால் மேடைப் பலகையில் ஓங்கி அடிக்க வேண்டும். சனத்துக்குக் கேட்பது அந்தச் சத்தம்தான். உடம்பில் அடி படாது.

இன்று மாலை எங்கள் சனத்தின் ஒன்றுகூடலில், மதுரா நடித்த நாடகத்தின் நடுவே அப்பா மேடையேறி ஆசைக்கு ஒருமுறை விழுந்தார். மண்டபமே சிரித்தது. ஆனால் கை அடித்த சத்தம் கேட்கவில்லை. மணப்பெண் வேடத்தில் நின்ற மதுரா பாய்ந்துபோய்த் தன் அப்பப்பாவிடம் குனிந்தாள்.

“அப்பப்பா, காலை அசைக்க ஏலுதோ?”

“ஏலாது. திரையை மூடாதை பிள்ளை, சனம் சிரிக்குது.”

ஆஸ்பத்திரியில், இடுப்பில் இரத்தம் கட்டிய கண்டல் மட்டும்தான் என்றார்கள். எப்படி விழுந்தார் என்று டொக்டர் டெனிஷில் கேட்டதை மதுரா தமிழில் சொன்னாள். அப்பா கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார்.

“அது சொல்லி விளங்காது. ஒரு கதிரை கொண்டுவரச் சொல்லு.”

இப்போது வீட்டில், பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். இந்தச் சத்தமாவது சரியாகக் கேட்கிறது.