மைனஸ் முப்பத்தெட்டில் கேட்ட பாட்டு

ர்யூக்கான்
9 டிசம்பர் 1994

அன்புத் தம்பி ஹால்வார்டுக்கு,

நாங்கள் நலம். “காலுறையத் தினமும் மாத்துறானான்னு கேளு” என்றாள் அம்மா. கேட்டுவிட்டேன்.

நீ கோபித்துக்கொண்டு வடக்கே வானிலை நிலையத்து வேலைக்குப் போனபின், நிலவறையில் உன் டிரம்ஸைத் தொட ஆளில்லை. போன வாரம் ஸ்டியான் என்றொருவன் வந்து வாசித்தான். மெட்டல் இசைக்காரர்கள் மேடைக்குப் பூசுவதுபோல் முகமெல்லாம் வெள்ளையும் கறுப்புமாகப் பூசியிருந்தான். அம்மா துண்டை நீட்டி, “மொகத்தக் கழுவிட்டு சாப்பிட உக்காருப்பா” என்றாள். சமர்த்தாகக் கழுவிக்கொண்டான்.

மார்ச்சில் நம் இசைக்குழுவின் ஒலிப்பதிவு. புதுப் பாட்டின் கிதாரை மட்டும் கேசட்டில் அனுப்பியிருக்கிறேன். மணிக்கட்டு முறிந்தபின் உன் கை பழையபடி இல்லை என்று நான் சொன்னது உனக்கு வலித்திருக்கும். இதற்கு உன்னால் வாசிக்க முடிந்தால் உன் இடம் உனக்கே. முடியாவிட்டால் ஸ்டியானுக்கு.

அக்கா,
டோருன்

ஃபின்மார்க்
3 ஜனவரி 1995

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை மாற்றுகிறேன்.

கேசட் கிடைத்த அன்று நண்பகல், வானிலை பலூன் விடப் போகும்போது கையடக்கக் கேசட் கருவியில் போட்டுக் கேட்டேன். நண்பகல் என்றாலும் இருட்டுதான், இந்த மாதங்களில் இங்கே சூரியன் உதிப்பதில்லை. மைனஸ் முப்பத்தெட்டு. என்ன பாட்டு அக்கா இது! ஆழத்திலிருந்து ஒரு சுரம் எழுந்து, நின்று, தேய்ந்து, அடுத்தது வருவதற்குள் நான் ஒரு முழு மூச்சு விட்டுவிட்டேன். எதிரே பனிவெளி. அந்த வெளி எனக்காக இல்லை, யாருக்காகவும் இல்லை என்று புரிந்தது. பயமாக இருந்தது, ஆனாலும் திரும்பி நடக்க மனம் வரவில்லை. பலூனைப் பத்து நிமிடம் தாமதமாக விட்டு மேலாளரிடம் திட்டு வாங்கினேன்: “ஏன்யா, வானம் ஒனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?”

என் கைக்காகத்தானே இவ்வளவு மெதுவாக எழுதினாய்? நன்றி அக்கா. காலி எண்ணெய்ப் பீப்பாயில் தாளம் தட்டி, உன் கிதாரோடு சேர்த்துப் பதிந்து அனுப்புகிறேன்.

தம்பி,
ஹால்வார்டு

ர்யூக்கான்
20 ஜனவரி 1995

ஹால்வார்டு,

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் மெதுவாக எழுதவில்லை. என் கைக்கு எட்டிய உச்ச வேகத்தில் வாசித்த பாட்டு அது. உன்னால் முடியாது என்று நீயே சொல்லட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். குளிரில் உன் பேட்டரி சோர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீ அனுப்பியதைப் போட்டதும் ஸ்டியான் சிரித்தான். இரண்டு நிமிடத்தில் சிரிப்பு நின்றது. இத்தனை வருடமாகப் பாட்டுகளில் குளிரைப் பற்றி நான் கத்திக்கொண்டிருந்தேனே தவிர, அதைக் கேட்டதே இல்லை. கிதாரின் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கி, உன் பீப்பாய்த் தாளத்தோடு வாசித்துப் பார்த்தேன். ஸ்டியானே, “இது அவரு பாட்டு அக்கா, நான் கெளம்புறேன்” என்று சொல்லிவிட்டான்.

என்னை மன்னித்து வருவாயா?

டோருன்

ஃபின்மார்க்
4 பிப்ரவரி 1995

அக்காவுக்கு,

இங்கே பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டுதான் வெளியே போவோம். அன்று மறந்து வெளிப் பையில் வைத்துவிட்டேன். அறைக்கு வந்து அடுப்பருகே மறுபடி போட்டேன். உன் வேகம் முழுவதையும் கேட்டேன். எதற்காக அனுப்பினாய் என்பதும் அப்போதே தெரிந்தது.

அதன் பிறகுதான் பேட்டரியை வேண்டுமென்றே குளிரவைத்து, மெதுவாக ஓடிய உன் கிதாரோடு பீப்பாயைத் தட்டிப் பதிந்தேன், நன்றி சொல்லிக் கடிதமும் எழுதினேன். நீ செய்யாத நல்லதைச் செய்ததாகச் சொன்னால், ஆமாம் என்று வாங்கிக்கொள்வாயா என்று பார்க்க நினைத்தேன். நீ வாங்கிக்கொள்ளவில்லை.

மார்ச் இரண்டாம் தேதி விமானம். ஸ்டியானிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல். உன்மேல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஹால்வார்டு