இரண்டு நீலப் புதர்கள்

ஆகஸ்ட் 18
காலையிலிருந்து சாரல். ஆய்வுக் கட்டுரை ஒரு வரிகூட நகரவில்லை. மாடியறை ஜன்னலில் அக்கா தெரிகிறாள். சரிவில் மண்டியிட்டு, வானத்தைப் பார்த்தபடி பழம் பறிக்கிறாள்.

பார்த்தபடி என்று எழுதிவிட்டேன். அக்கா ரன்வெய்க்கின் கண் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். அதுவும் அதிக நாள் இல்லை என்றார் மருத்துவர்.

ஆகஸ்ட் 20
சாப்பாட்டு மேசையில் மறுபடி அதே பேச்சு. ஹால்வருக்கு – அக்காவின் கணவன் – லில்லெஹாமரில் லிஃப்ட் வைத்த வீட்டுக்குக் குடிபோக வேண்டும்.

"பனி விழுந்தா வாசல் எங்க, பள்ளம் எங்கன்னு தெரியுமா உனக்கு?"

"நீலப்பழம்னு நெனச்சு என்னைக்குச் சதுப்புப்பழத்த வாளியில போடுறேனோ, அன்னைக்கு மூட்டை கட்டு. அதுவரைக்கும் வாயில உருளைக்கிழங்கைப் போட்டு மூடு."

அவன் சிரிக்கவில்லை. அவள் சொன்னதைச் செய்பவள்.

ஆகஸ்ட் 23
அவளோடு போனேன். நீலப்பழப் புதரும் சதுப்புப்பழப் புதரும் பின்னிக் கிடக்கிற சரிவு. அதே நீலம், அதே சாம்பல் பூச்சு. அவள் விரல் பழத்தைத் தேடுவதில்லை. முதலில் தண்டைத் தேடுகிறது. நீலப்பழத்தின் தண்டு பச்சை, விளிம்பு விளிம்பாக இருக்கும். சதுப்புப்பழத்துக்கு உருண்டை, பழுப்பு. இலை ஓரத்தில் நுண்ணிய பல் இருந்தால் பறிக்கிறாள். வழவழவென்றால் விரல் தாண்டிப் போகிறது. நிற்பதேயில்லை. பியானோ வாசிப்பவளைப் பார்ப்பது போல இருந்தது.

கண்ணை மூடி நானும் முயன்றேன். எல்லாம் தப்பு.

"ஓஸ்லோவுல தண்டு சொல்லித் தரலையாடி?"
"தத்துவத்துல தண்டு கிடையாது."
"அப்ப எதைப் பிடிச்சு நிக்குது அது?"

ஆகஸ்ட் 24
கையெல்லாம் ஊதா. கழுவ மனமில்லை.

ஆகஸ்ட் 29
மலை விடுதி நடத்தும் தூரி வந்தாள். அவள் ஜாமுக்கு அக்காவின் பழம்தான். நேற்றுப் போன வாளியில் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

"கோச்சுக்காத ரன்வெய்க். பாதி சதுப்புப்பழம். ஜாம் வெளிறிப்போய்த் தண்ணியா நிக்குது."

அக்கா ஒரு பழத்தை நசுக்கி விரலை என்னிடம் நீட்டினாள். "கறை இருக்கா?"

இல்லை. நீலப்பழம் என்றால் ரத்தம் போல ஒட்டியிருக்கும்.

உட்கார்ந்துவிட்டாள். "சரி ஹால்வர். மூட்டை கட்டு."

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டது கிடைத்துவிட்டதே – பின் ஏன் அந்த முகம்?

அக்காவுக்கு விரலும் போச்சா?

ஆகஸ்ட் 30
அக்கா அலமாரியைக் காலி செய்கிறாள்.

ஆகஸ்ட் 31
காபி வேளை. ஹால்வர் நின்றுகொண்டே சொன்னான்.

"அந்த வாளியில பாதி நான் போட்டது. வாரியால இழுத்தேன்."

வாரி – சீப்புப் பல் வைத்த பெட்டி. புதரில் இழுத்தால் எது இருந்தாலும் விழும்.

"நீ பாதி வாளியோட வந்து அசந்து தூங்கிட்ட. தூரி காத்திருப்பாளேன்னு நெரப்பி, நானே கொண்டுபோய்க் குடுத்தேன். எல்லாம் நீலமாத்தான் இருந்துச்சு."

"ரெண்டு நாளா ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்தா நீ இங்கயே இருந்துடுவ."

கெட்டில் கொதித்து அடங்கியது.

"ரெண்டு கண்ணும் இருக்கு," என்றாள் அக்கா. "கழுதை." அவன் சட்டையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

சும்மா இருந்திருந்தால் போதும். அவன் நினைத்தது நடந்திருக்கும். இவனை இத்தனை வருடம் ஒரு நாற்காலி போலத்தான் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 9
வாசலிலிருந்து விறகுக் கொட்டகை வரை ஹால்வர் கம்பம் நடுகிறான். இடுப்பளவில் கயிறு வரும், பனியில் பிடித்து நடக்க. அக்கா படியில் உட்கார்ந்து சுத்தியல் சத்தத்தைக் கேட்கிறாள்.

"கடைசிக் கம்பம் கோணல்!"
"நீ பார்த்தியா?"
"கேட்டேன்."

கம்பம் நேராகத்தான் இருந்தது. அவன் அதைப் பிடுங்கி மறுபடி நட்டான்.