என் கார் டிக்கியில் இருக்கும் பிலிஸ்

அக்கா,

ஹென்டர்சனில் உங்கள் மகன் வீட்டில் இருந்து திரும்பி வரும்போது, மோட்டார்வேயை விட்டு இறங்கும் வளைவில் டிக்கிக்குள் உங்கள் அட்டைக் குழாய் உருண்டது. ஒரு பக்கம் போய் முட்டியது. அடுத்த வளைவில் மறுபக்கம் போய் முட்டியது. வேறு நாளாக இருந்தால் எரிச்சல் வந்திருக்கும். இன்று சிரிப்பு வந்தது. தனியாகக் காரில் சிரித்துக்கொண்டு போகிற கிழவியைப் பார்த்துப் பக்கத்து லேன்காரன் என்ன நினைத்தானோ தெரியாது. நல்ல சிரிப்பு இல்லை, அக்கா. வயிற்றெரிச்சலில் வருகிற சிரிப்பு.

உங்கள் பேத்திக்கு இன்று ஐந்து வயது. அதற்குத்தான் போனேன். உங்கள் மகன் வாசலிலேயே, “வாங்க ஆன்ட்டி, ஷூஸ் போட்டுக்கிட்டே வாங்க, பரவால்ல” என்றான். நான் கழற்றிவிட்டுத்தான் போனேன். நடைவழிச் சுவரில், பொன்நிறச் சட்டத்துக்குள், உங்கள் குடும்ப மரம், அந்த வம்சாவளிப் படம், தொங்கிக்கொண்டிருந்தது. உங்களுடையதுதான், ஆனால் உங்களுடையது இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் இருந்து சொல்லாவிட்டால் என் கோபம் எனக்கே ஒழுங்காக விளங்காது.

உங்கள் சம்பந்திதான் ஆரம்பித்து வைத்தவர். மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறதென்று அமெரிக்காவை விட்டு இங்கே வந்து குடியேறிய மனிதர். தன் முன்னோர் வர்ஜீனியாவில் பெரிய தோட்டக்காரர்கள், அமெரிக்கா இங்கிலாந்து அரசன் கையில் இருந்த காலத்திலேயே பெயரெடுத்த குடும்பம் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டே இருப்பார். நீங்கள் ஈப்போவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் காலமெல்லாம் உயில் டைப் அடித்தவர் என்று தெரிந்ததும், “அப்படியானால் எங்கள் குடும்ப மரத்தை நீங்களே வரையலாமே” என்றார். ஒரு மரியாதைக்குக் கேட்டிருப்பார். நீங்கள் உடனே தலையாட்டிவிட்டீர்கள்.

அன்று பின்னேரம் என் குசினிக்கு வந்து சொன்னீர்கள்: “பொண்ணு வீட்டப் பத்தி விசாரிக்காமலே எம்மவன் கல்யாணம் பண்ணிக்கிட்டான். இப்பவாச்சும் விசாரிப்போம் லா.”

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நம்மவர்கள் விசாரிப்பதென்றால் தெரியும்தானே. எந்த ஊர், என்ன ஆட்கள், குடியா, கடனா, யாராவது வீட்டை விட்டு ஓடினார்களா. அதிகம் போனால் இரண்டு தலைமுறை. நீங்கள் முந்நூறு வருடம் விசாரித்தீர்கள். அங்கேதான் பிழை நடந்தது. விசாரிக்கச் சொல்கிறவர்களுக்கு, விசாரித்ததை அப்படியே கேட்கும் எண்ணம் இருப்பதில்லை. கல்யாணத் தரகர் யாருக்கும் தெரிந்த இந்த விஷயம் உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

உங்களுக்குக் கார் ஓடத் தெரியாது. நாம் இருந்த மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து நூலகத்துக்கு நான்தான் கூட்டிப்போவேன். நீங்கள் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, புழு ஊர்ந்த மாதிரி இருக்கிற அந்தப் பழைய எழுத்தை ஒவ்வொரு சொல்லாக அவிழ்ப்பீர்கள். ஞானஸ்நானப் பதிவு, காணிப் பத்திரம், வழக்குப் பதிவு. பாதி எரிந்துபோனது, பாதி எலி தின்றது. அவ்வளவு போயும் அந்தத் தோட்டக்காரன் மிஞ்சித்தான் இருந்தான். மனைவி வீட்டுக்கு எத்தனை நாற்காலி கொண்டு வந்தாள் என்பதுகூட இருந்தது. என் தகப்பனாரின் பிறப்புப் பத்திரம் யாழ்ப்பாணத்தில் வீட்டோடு எரிந்தது. அதைத் தேடி நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. அந்த மனிதனுடைய நாற்காலி பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

அவன் நட்டது புகையிலை என்று சொன்னீர்கள். “அக்கா, புகையிலை எண்டால் சும்மா இல்லை” என்றேன். “எங்கட ஊரிலயும் அதுதான். தண்ணி இறைக்கிறது, பக்க முளை கிள்ளுறது, புழுப் பிடிக்கிறது, ஒரு குடும்பத்துக்கு முதுகு முறிஞ்சு போகும். இந்தாளுக்கு ஆர் புழுப் பிடிச்சது?”

திரையைத் திருப்பிக் காட்டினீர்கள். அவன் செத்த பிறகு எடுத்த சொத்துக் கணக்கு. குதிரைகளுக்குப் பெயரும் நிறமும் இருந்தன. செப்புப் பானை ஒன்று இருந்தது. அதற்குக் கீழே, பிலிஸ், அடிமைப் பெண். அதற்குக் கீழே ஒரு பசு. அவனுடைய உயிலை அடுத்துத் திறந்தீர்கள். மூத்த மகனுக்கு நிலம். மகளுக்கு ஒரு பெண் குதிரை, கூடவே பிலிஸ், “பிலிஸுக்கு இனிப் பெருகுபவை எல்லாம்.”

“பெருகுறதுன்னா என்னான்னு தெரியுதா?” என்று கேட்டீர்கள். “அவ பெத்துக்கப் போற புள்ளைங்க. ஈப்போல மாடு வச்சிருந்தவங்க உயில்ல நான் இதே மாதிரி அடிச்சிருக்கேன். மாடும், அது ஈனுற கன்னுங்களும்னு.”

பிறகு அந்த வழக்கு கிடைத்தது. பிலிஸின் மகன் பென்னைக் குதிரையோடு சேர்த்து மகளிடம் அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று அந்தக் குடும்பம் தமக்குள் அடித்துக்கொண்ட வழக்கு. அதில் தோட்டக்காரனின் விதவையே சத்தியம் செய்து சொல்லியிருந்தாள்: அவன் என் கணவருக்குப் பிறந்தவன்தான், அதனால்தான் அவன் என் கண்ணில் படக் கூடாது. நீங்கள் அதை இரண்டு தடவை வாசித்தீர்கள். திரையை அணைத்துவிட்டு எழுந்தீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சொன்னீர்கள். “எங்க ரப்பர் பால்மரத் தோட்டத்துல காலைல பெரட்டுக்கு வரிசையா நிப்போம். கணக்கெழுதுற கிராணி பேரு கூப்பிடுவான், ஆளு இருக்கான்னு பாத்துக் கோடு போடுவான். அவ்ளோதான் எங்கப்பா. ஒரு கோடு. இது வேற, அது வேற, எனக்குத் தெரியும். எங்கள யாரும் விக்கல. சம்பளம் குடுத்தாங்க. ஆனா தோட்டத்த வித்தப்போ அந்தக் கோட்டுப் புஸ்தகத்தையும் கொளுத்திட்டாங்க. எங்கப்பாவத் தேட எனக்கு ஒண்ணும் இல்ல. இவ கெடைச்சிருக்கா. கெடைச்சவள நான் விடமாட்டேன்.”

விடவில்லை நீங்கள். பெரிய தாளில், கறுப்பு மையில், உயில் தலைப்பு எழுதுகிற அந்த அழகான கையெழுத்தில் மரத்தை வரைந்தீர்கள். தோட்டக்காரனிடம் இருந்து இரண்டு கிளை. ஒன்று மனைவிக்கு, ஒன்று பிலிஸுக்கு. பிலிஸுக்குக் கீழே பென். பென்னுக்குக் கீழே வெறும் இடம். அதற்குப் பிறகு யார் என்று தெரியாததால் இடத்தை விட்டு வைத்தீர்கள்.

பேத்தியின் முதலாவது பிறந்தநாளில் அதை விரித்தீர்கள். நானும் பக்கத்தில் நின்றேன். சம்பந்தி முகம் மலர்ந்து போய், விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பிலிஸில் விரல் நின்றது. நீங்கள் இங்கிலீஷில் விளக்கினீர்கள், மெதுவாக, ஒரு குறையும் சொல்லாமல். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது குடும்ப மரம், சொத்துப் பட்டியல் இல்லை” என்றார்.

“ஆமா,” என்றீர்கள், “அதனாலதான் அதுலேர்ந்து எடுத்து இதுல எழுதினேன்.”

உங்கள் மகன் தமிழில், மற்றவர்களுக்கு விளங்காமல் இருக்க, “அம்மா, ப்ளீஸ், இப்ப மடிச்சு வச்சிடுங்க” என்றான். மருமகள் கேக்கை வெட்டக் கூப்பிட்டாள். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

அடுத்த வாரம் அவன் வந்து கேட்டபோது நான் உங்கள் குசினியில் இருந்தேன். “ஒரே ஒரு பேருதானேம்மா. எடுத்தா என்ன?”

“ஒரே ஒரு பேருதானேய்யா. இருந்தா என்ன?”

பதில் இல்லாதவர்கள் வரவைக் குறைத்துக்கொள்வார்கள். ஞாயிறு தவறாமல் வந்த பிள்ளை மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆனது. பிறகு சளி என்றார்கள், டிராஃபிக் என்றார்கள். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் கேசரி கிண்டி வைப்பீர்கள். பின்னேரம் அதை எனக்குத் தந்துவிடுவீர்கள். நான் எத்தனை கேசரி தின்றேன் என்று உங்களுக்குத் தெரியாது. “அந்தப் பேரை எடுத்து விடுங்கோவன் அக்கா, பிள்ளையைப் பாக்கலாம்” என்று ஒருநாள் நானே சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை. “எடுத்துட்டா, நாளைக்கு எம்பேர எடுக்க எவ்ளோ நேரமாகும்?” என்றீர்கள்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால், அந்த மரத்தைச் சுருட்டி வைத்த அட்டைக் குழாயை என்னிடம் தந்தீர்கள். “எம்மவன் கண்ணுல பட்டா ரீசைக்கிளிங்ல போட்டுருவான். நீ வச்சுக்க. எம் பேத்திக்கு வாசிக்கத் தெரிஞ்சதும் குடு. யாரையும் கேக்காத.”

உங்கள் இறுதிச் சடங்கில் உங்கள் மகன் பேசினான். அம்மாவுக்குக் குடும்ப வரலாற்றில் அவ்வளவு ஆசை என்றான். சம்பந்தி பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். அச்சடித்த எழுத்து. இலை, பூவெல்லாம் போட்டிருக்கிறது. தோட்டக்காரனுக்கு ஒரு கிளைதான். பிலிஸ் இல்லை, பென் இல்லை. நீங்கள் கண் எரிய எரியத் தேடிய மற்ற எல்லோரும் வரிசையாக இருக்கிறார்கள், நாற்காலிக்காரி உட்பட. உங்கள் பக்கத்தில் மகன் பெயர், அதற்கு மேலே உங்கள் பெயர், உங்கள் கணவர் பெயர். உங்கள் பெயருக்கு மேலே, “பெற்றோர் தெரியவில்லை.”

தெரியவில்லையாம், அக்கா. உங்கள் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் என்ற இடத்தில் நிற்பதே உங்கள் அப்பாவின் பெயர்தானே. பாஸ்போர்ட்டில், பஸ் கார்டில், ஆஸ்பத்திரிக் கைப்பட்டியில், வாழ்நாள் முழுக்க அந்த மனிதனைக் கூட்டிக்கொண்டுதானே திரிந்தீர்கள். அதே சுவரில், அதே வரியில் அவர் நிற்கிறார். அதற்கு மேலே தெரியவில்லை என்று அச்சடித்து ஆணி அடித்திருக்கிறார்கள்.

உங்கள் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தாத்தாட பெயர் உமக்குத் தெரியாதோ?”

“தெரியும் ஆன்ட்டி. அது மாமா ஆர்டர் பண்ணினது. டிசைன்ல இடம் பத்தல.”

இலைக்கும் பூவுக்கும் இடம் இருந்தது.

நான் கேக் சாப்பிடவில்லை. சீனி வருத்தம், இனிப்பு ஆகாது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். உங்கள் மகன் கார்வரை வந்தான். நல்ல பழக்கம், நீங்கள் பழக்கியது. நான் கதவைத் திறக்கும்போது கொஞ்சம் தயங்கி, “ஆன்ட்டி, அம்மா கையால வரைஞ்ச அந்தப் பேப்பர்… உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டான். அவனுடைய கை டிக்கியின் மேல் ஊன்றி இருந்தது.

ஒரு கணம் எனக்கு மனம் இளகியது. தாயின் கையெழுத்தைக் கேட்கிறான் என்று நினைத்துவிட்டேன். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. “அந்தப் பேப்பரோ? மழைத் தண்ணி பட்டுப் பழுதாப் போச்சு தம்பி. எறிஞ்சிட்டன்.”

“ஓ. பரவால்ல ஆன்ட்டி” என்றான். தோள் இறங்கி, மூச்சு விட்டான். அம்மாவின் எழுத்துப் போய்விட்டதே என்று ஒரு சொல் இல்லை. டிக்கியில் ஒரு தட்டுத் தட்டி, “பாத்துப் போங்க” என்று சிரித்து அனுப்பினான்.

அதுதான் வளைவில் குழாய் உருண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொன்னதற்கு ஒரு துளி வருத்தம் இல்லை, அக்கா. உங்களை அவன் அவ்வளவு லேசாகப் போகவிட்டானே, அதற்குத்தான் வீடு வந்து அழுதேன்.

இப்போது குழாயை உள்ளே கொண்டுவந்து தாளை விரித்திருக்கிறேன். நான்கு மூலைக்கும் பருப்பு டின் வைத்திருக்கிறேன். மை மங்கவில்லை. பிலிஸ் இருக்கிறாள். பென் இருக்கிறான். அவனுக்குக் கீழே நீங்கள் விட்ட இடமும் இருக்கிறது. உங்கள் குடும்பப் பக்கத்தில் உங்கள் அப்பா, உங்கள் எழுத்திலேயே, உங்களுக்கு நேர் மேலே இருக்கிறார்.

நான் புறப்படும்போது உங்கள் பேத்தி நடைவழியில் நின்றாள். சட்டத்துக்கு முன்னால் கழுத்தை அண்ணாந்து, தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் ஐந்து வயதானால் பள்ளிக்கூடம். திங்கட்கிழமை தொடங்குகிறாள், அக்கா.