இருபது நிமிடத் திரையிடல்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் கைகால் சுகத்தோடு இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், ஏதாவது குறை இருந்தால் மறைக்காமல் எழுது. இங்கே நான் கல்லுமாதிரி இருக்கிறேன். உன் அப்பாவுக்குத்தான் முழங்கால் மக்கர் பண்ணுகிறது, நாற்பது வருஷம் ஊரார் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்த்த மனுஷனுக்கு இப்போது வாசல் படி மூன்று ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது, வாய்க்கு மட்டும் ஒரு கோளாறும் இல்லை. வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேச ஆரம்பித்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், சின்னவள் குறுக்கே வந்து பல் விழுந்த வாயைக் காட்டுவாள், நானும் சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இது அப்படி நழுவ விடக்கூடாத சமாச்சாரம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் இல்லை, பதறாமல் படி. போன வருஷம் அங்கே புது டாக்டரிடம் பதிந்துகொள்ளப் போனபோது படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாய் அல்லவா, நம்ம குடும்பத்துல யாருக்காவது மார்புல புத்துநோய் இருந்துச்சாம்மா என்று. நான் துணி வெட்டுகிற வேலையை நிறுத்தாமலே, அதெல்லாம் கிடையாது, இல்லைன்னு போடு என்றேன். அது பொய் கண்ணு. உன் பெரியம்மா வயிற்றுக் கோளாறில் போகவில்லை, மார்பில் வந்த புற்றுநோயில்தான் போனாள். இருபத்திரண்டு வருஷமாக வயிறு வயிறு என்று சொல்லிச் சொல்லி எனக்கே நாக்கில் ஊறிவிட்டது. உனக்கு முப்பத்தொன்பது ஆகிறது, அந்த டாக்டர் என் பொய்யை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்குத் திடீரென்று புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். சொல்கிறேன், கோபப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் சிரித்துக்கொள்.

போன மாதம் சுகாதார இலாகாவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கே தெருவுக்கு ஒன்பது பாஷை என்பதால் இப்போது அவரவர் பாஷையிலேயே அச்சடித்து அனுப்புகிறார்கள், எனக்குத் தமிழில் வந்தது. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன், அப்பாவை வாசிக்கச் சொன்னேன். தேசிய இலவச என்று கம்பீரமாக ஆரம்பித்தவர், அடுத்த வார்த்தை மார்பகம் என்று கண்டதும் (பின்னால் நானே பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்) க்கும் க்கும் என்று தொண்டையைச் செருமிவிட்டு, திரையிடலுக்கு உங்களை அன்புடன் அழைக்கிறோம் என்று முடித்தார். அறுபத்தெட்டு வயதில், கட்டின பெண்டாட்டி முன்னால் வெட்கம்! பரிசோதனை என்று போடவேண்டிய இடத்தில் எந்தப் புண்ணியவானோ திரையிடல் என்று போட்டுவைத்திருக்கிறான், திரையிடல் என்றால் நமக்கு சினிமாதானே. இருபது நிமிடம், கட்டணம் இல்லை, நூலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடம் என்று மீதியையும் வாசித்தார். குறும்படம் போல இருக்கு, நானும் வரேன் என்றார். மேலுக்கு ஒன்று இடுப்புக்கு ஒன்று என்று இரண்டு உருப்படியாக உடுத்தி வரவும், பவுடர் சென்ட் பூச வேண்டாம் என்றும் போட்டிருந்ததாம். கொட்டகை சின்னதா இருக்கும், காத்து வராது போல என்று அதற்கும் அவரே விளக்கம் வைத்திருந்தார். பக்கத்து ரொட்டிக்கடைக்காரிக்கும் அதே முத்திரை, அதே தேதி போட்டு அவள் பாஷையில் வந்திருந்தது, அவளுக்குத் தன் பாஷை பேசத்தான் வரும், படிக்க வராது. எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருப்பது ஊர் பாஷையில் முந்நூறு வார்த்தையும் ஆளுக்கு இரண்டு கையும்தான், நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ அந்த முந்நூறில் சினிமாவும் ஒன்று. வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, இடைவேளைக்கு ஆகும் என்று ஒரு பை நிறைய பன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அங்கே போய்ப் பார்த்தால் ஒரு பெரிய வெள்ளை வண்டி, வெளியே நாற்காலி போட்டு விதவிதமான பெண்கள், மருந்துக்கு ஓர் ஆண் இல்லை. அப்பா சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவர், நேரே மேஜையில் இருந்த பெண்ணிடம் போய் முன் வரிசையில் இடம் இருக்கா என்று கேட்டார். அவள் பின்னால் ஒட்டியிருந்த மார்புப் பரிசோதனைப் படத்தைக் காட்டினாள். முழங்கால் வலி என்று முனகுகிற மனுஷன் அன்றைக்கு நூலகத்துக்குள் ஓடின ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! ரொட்டிக்காரி அந்தப் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தன் பாஷையில் என்னமோ சொன்னாள், கண்டிப்பாக வசவுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிசோதனை என்று சரியாகப் போட்டிருந்தால் நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன், முன்பு இரண்டு முறை ஊர் பாஷையில் வந்ததை, என்னவென்று தெரிந்தே கிழித்துப் போட்டவள் நான். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மார்பளவு எடுத்து ரவிக்கையும் கவுனும் கோட்டும் தைத்துக் கொடுக்கிற எனக்கு, என் மார்பைப் பற்றி நினைத்தாலே அக்கா ஞாபகம்தான் வரும். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடப் பார்த்தேன், அந்தப் படுபாவி என் மணிக்கட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டாள்.

உள்ளே நர்ஸ் பெண் நல்ல மாதிரி, உன் வயதுதான் இருக்கும். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று ஊர் பாஷையில் கேட்டாள், இல்லை என்றேன், எவ்வளவு வருஷப் பழக்கம், வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்குக் கேள்வி புரிந்ததோ இல்லையோ என்று அவளுக்குச் சந்தேகம். போனில் எங்கிருந்தோ ஒரு தமிழ்ப் பெண்ணைப் பிடித்து மறுபடி கேட்கவைத்தாள். அந்தக் குரல் மெதுவாக, அம்மா, உங்க கூடப் பொறந்தவங்க யாருக்காவது மார்புல புத்துநோய் வந்துச்சாம்மா என்று கேட்டது. அடியே, அதை எவரும் என்னிடம் தமிழில் கேட்டதே இல்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அக்காவுக்கு என்று வந்துவிட்டது, அதற்குமேல் அழுகைதான். எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ரவிக்கையில இடது பக்கம் ஒரு தையல் தளர்த்திக் கொடுடி, ஏன்னு கேட்காதே என்று அக்கா வந்து நின்றதையும், பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம் வா என்று நான் கையைப் பிடித்து இழுத்ததையும், ஆம்பிளை டாக்டர்கிட்ட அவிழ்த்துக் காட்ட மாட்டேன், வெளியே தெரிஞ்சா எம்பொண்ணை யார் கட்டுவான் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டதையும். கடைசியில் அவள் டாக்டரிடம் போனபோது கைமிஞ்சிப்போயிருந்தது. போனில் இருந்த பெண்ணும் மூக்கை உறிஞ்சினாள், எனக்குக் கேட்டது. அக்காவுக்கு வந்துச்சுன்னா அவங்க பொண்ணும் உங்க பொண்ணும் அம்பது வயசு ஆகிக் கடிதம் வரட்டும்னு காத்திருக்கக் கூடாதும்மா, இப்பவே டாக்டர்கிட்ட சொல்லணும் என்று நர்ஸ் சொன்னதை அவள்தான் எனக்குச் சொன்னாள். அப்புறம் அந்த இயந்திரம். தையல் மெஷின் பாதத்தில் துணியை வைத்து அழுத்துகிற மாதிரி இரண்டு பலகைக்கு நடுவில் ஓர் அழுத்து, பல்லைக் கடிப்பதற்குள் விட்டுவிட்டது. இதற்காகவா இரண்டு கடிதத்தைக் கிழித்தேன் என்று இருந்தது. பதினைந்து நாளில் முடிவு வந்தது, எனக்கும் ஒன்றும் இல்லை, ரொட்டிக்காரிக்கும் ஒன்றும் இல்லை. இப்போது அவள் ரொட்டி வாங்க வருகிற பெண்களையெல்லாம் சினிமாவுக்குப் போனியா என்றுதான் கேட்கிறாள், அப்பா அந்தக் கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

மிச்சம் இருந்தது பெரியம்மா மகள், உன் அக்கா. போன ஞாயிற்றுக்கிழமை பஸ் டியூட்டி முடிந்து சீருடையோடு சாப்பிட வந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, உங்கம்மாவுக்கு வந்தது வயித்து நோய் இல்லம்மா என்று ஆரம்பித்தேன். தலையைத் தூக்காமலே, தெரியும் சித்தி என்றாள். அம்மா துணியெல்லாம் நான்தானே துவைச்சேன், ரவிக்கையில இடது பக்கம் மட்டும் கறை இருக்கும், வயித்து நோய்க்கு அங்க எப்படிக் கறை வரும், எல்லாரும் எனக்காகத்தான் மறைக்கிறீங்கன்னு நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன் என்றாள். அப்புறம் சொன்னாள், தினமும் குளிக்கிறப்ப பயமா இருக்கும் சித்தி, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. நாற்பத்து நாலு வயதாகிறது அவளுக்கு. பஸ் நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுகிற பெண், இத்தனை வருஷம் ஒற்றை ஆளாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். நாங்கள் அவளைக் காப்பாற்றிய லட்சணம் இது. இருவரும் சோறு ஆறிப்போகிற வரை அழுதோம், பிறகு மறுபடி சூடு பண்ணிச் சாப்பிட்டோம். வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு நேரம் வாங்கியிருக்கிறது, கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போகிறேன், ரொட்டிக்காரியும் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள்.

நீ என்மேல் கோபப்படு, திட்டு, எல்லாம் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் தனியாகப் பயந்துகொண்டு மட்டும் இருக்காதே. மாப்பிள்ளையிடம் சொல், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, சின்னவளுக்கு விழுந்த பல் முளைக்கும், அதற்குள் மிட்டாய் கொடுத்துக் கெடுக்காதே. நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த சுகத்தோடும் நன்றாக இருக்கவேண்டும், என் வயதையும் தாண்டி இருக்கவேண்டும். இந்த வாரமே டாக்டரிடம் போய் அந்தப் படிவத்தைத் திரும்பக் கேள். இல்லை என்றிருப்பதை அடித்துவிட்டு ஆம் என்று எழுது. உறவு, அம்மாவின் அக்கா. வயது, நாற்பத்தாறு. என்ன நோய் என்ற இடத்தில் அதன் பெயரை முழுசாக எழுது, அப்பா மாதிரி தொண்டையைச் செருமாதே.

இப்படிக்கு,
அவளுடைய தங்கை, உன் அம்மா.